அதை வெறும் ஸ்கேன் என்று சொல்லியிருக்கக் கூடாது

செவிலியர் அம்மாவின் புறங்கையை மெல்லத் தட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார். தேடிக்கொண்டே, நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய குரலில், "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா உடனே, "ஆமா, ஹார்ட்டுக்கு ரெண்டு மாத்திரை. ஸ்டென்ட் வெச்சு மூணு வருஷமாச்சு" என்றார். தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" "நேத்து ராத்திரி." செவிலியர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். ஊசியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, "டாக்டர்கிட்ட சொல்லிட்டு வரேன், கொஞ்சம் இருங்க" என்று அவர் வெளியே போனார். எட்டு மாதமாகிவிட்டது. அந்த நிமிடம் இன்னும் எனக்குள் அடங்கவில்லை.

பெரிய விபரீதம் ஒன்றும் நடக்கவில்லை. அன்று செய்ய இருந்த எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை தள்ளிப்போனது, அவ்வளவுதான். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் நான் யோசித்தது இதைத்தான்: அந்தக் கேள்வியை அம்மாவிடம் முதன்முதலாகக் கேட்டவர், ஊசியைக் கையில் பிடித்திருந்த செவிலியர். அதற்கு முன்னால் எங்களுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நாங்களும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. ஏனென்றால் எங்களுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை "ஸ்கேன்".

மேல்வயிற்று வலிக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில், அம்மாவின் கணையத்தின் தலைப்பகுதியில் 18 மில்லிமீட்டர் அளவில் ஒரு நீர்ப்பை இருப்பது தெரிந்தது. வலிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்றார்கள். ஆனால் அந்தப் பையின் உள்சுவரில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரிகிறது, அது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும், "எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒண்ணு பார்த்துடலாம்" என்றார் மருத்துவர். அந்த வரியில் எங்கள் காதில் தங்கியது கடைசிச் சொற்கள் மட்டும்தான். தந்த சீட்டிலும் "இ.யூ.எஸ். ஸ்கேன், வெறும் வயிறு" என்று இருந்தது. அம்மா வீட்டுக்கு வந்து என் சித்தியிடம் தொலைபேசியில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "ஸ்கேன்தான், பயப்பட ஒண்ணுமில்ல. வயித்துல ஜெல் தடவிப் பார்ப்பாங்க இல்ல, அதுதான்."

வயிற்றின் மேல் அல்ல, வயிற்றுக்குள்

அதுவல்ல. எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் என்பது வாய் வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் எண்டோஸ்கோபி. அந்தக் குழாயின் நுனியில் கேமராவோடு ஒரு சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியும் இருக்கிறது. சாதாரண எண்டோஸ்கோபி செய்துகொண்டவர்கள், அதைப் போலத்தான் இதுவும் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். பாதி சரி. சாதாரண எண்டோஸ்கோபிக் குழாய் ஏறக்குறைய 9, 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். இதன் நுனிப் பகுதி 12 முதல் 14 மில்லிமீட்டர் வரை போகும், வளைந்துகொடுக்காமல் கொஞ்சம் விறைப்பாகவும் இருக்கும். நேரமும் கூடுதல். சாதாரண எண்டோஸ்கோபியைத் தொண்டையை மரக்கச் செய்துவிட்டு ஐந்து, பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். இது அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஆகலாம். அதனால்தான் இதற்குப் பெரும்பாலும் மயக்கம் கொடுக்கிறார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு உள்ளே ஏன் போக வேண்டும் என்ற கேள்விக்கு விடை கணையம் இருக்கும் இடத்தில் இருக்கிறது. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கிறது. அதன் தலையை முன்சிறுகுடல் கை வளைத்து அணைப்பது போலச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அல்ட்ராசவுண்ட் அலைக்குக் காற்று ஆகாது. காற்றைத் தொட்டால் சிதறித் திரும்பிவிடும். வயிற்றின் மேலிருந்து பார்த்தால் இடையில் இரைப்பையிலும் குடலிலும் இருக்கும் காற்று மறைத்துக்கொள்ளும். தூரமும் ஒரு சிக்கல். ஆழமாகப் போக வேண்டுமென்றால் குறைந்த அதிர்வெண் வேண்டும், குறைந்த அதிர்வெண்ணில் நுணுக்கம் போய்விடும். உள்ளே போய் இரைப்பைச் சுவரிலோ முன்சிறுகுடல் சுவரிலோ நுனியை ஒட்டி வைத்துவிட்டால், கணையம் அந்தச் சுவருக்கு அப்பால் சில மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து உயர்ந்த அதிர்வெண்ணில், பொதுவாக 5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை, பார்க்கலாம். பித்தக்குழாயில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கல் இருந்தாலும் தெரியும். குடல் சுவரையே ஐந்து அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோய் எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது என்று பார்க்க இதைப் பயன்படுத்துவது அதனால்தான்.

இவ்வளவும் பார்ப்பதைப் பற்றி. இதுவரைக்கும் "ஸ்கேன்" என்ற பெயரை ஒப்புக்கொள்ளலாம். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் 1980-ல் இந்தக் கருவியைப் பற்றிய முதல் அறிக்கைகள் வந்தபோது அது பார்க்கும் கருவி மட்டும்தான். கணையத்துக்குள் அந்தக் குழாய் வழியாகவே ஊசியைச் செலுத்தித் திசு எடுக்கலாம் என்று டென்மார்க்கின் பீட்டர் வில்மன் குழு எழுதியது 1992-ல். அதற்கப்புறம் இந்தப் பரிசோதனையின் குணமே மாறிவிட்டது. இன்று இதன் வழியாகத் திசு எடுக்கிறார்கள், நீர்ப்பையின் நீரை உறிஞ்சுகிறார்கள், கணையத்தைச் சுற்றித் தேங்கிய சீழை இரைப்பைக்குள் வடிக்கிறார்கள், தாங்க முடியாத வலி இருப்பவர்களுக்கு நரம்புப் பின்னலுக்கு மருந்து ஏற்றுகிறார்கள். ஆனால் பெயர் மட்டும் அந்தப் பழைய, பார்க்க மட்டும் தெரிந்த நாட்களிலேயே நின்றுவிட்டது. நோயாளி பெயரை வைத்துத்தான் தயாராகிறார். ஸ்கேன் என்றால் ஸ்கேனுக்குத் தயாராவார், சாப்பிடாமல் போவார், வேறென்ன செய்வார்?

அந்தப் பத்து நிமிடம்

மருத்துவர் வந்தார். நின்றபடி பேசிவிட்டுப் போவார் என்று நினைத்தேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்தார். "இன்னைக்குப் பார்க்கிறதுன்னா பார்த்துடலாம்மா. ஆனா பார்க்க மட்டும்தான் முடியும். ஊசி போட வேண்டியிருந்தா இந்த மாத்திரையோட முடியாது. இன்னொரு நாள் வரணும்" என்றார். "என்ன ஊசி?" என்று நான் கேட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். எங்களுக்கு எதுவுமே சொல்லப்படவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். பேனாவை எடுத்து, ஒப்புதல் படிவத்தின் பின்பக்கத்தில் வரையத் தொடங்கினார். பை மாதிரி ஒரு இரைப்பை, அதன் பின்னால் மீன் மாதிரி ஒரு கணையம், மீனின் தலையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் சுவரோரமாக ஒரு புள்ளி. "இந்தப் புள்ளி என்னன்னுதான் கேள்வி. வெறும் சளி உறைஞ்சு ஒட்டியிருக்கலாம். சுவர்லயே முளைச்ச சதையா இருக்கலாம். சளின்னா கவலை குறைவு. சதைன்னா விடக் கூடாது. கிட்ட போய்ப் பார்த்தா ஓரளவு தெரிஞ்சிடும். தெரியலைன்னா, இல்ல உறுதிப்படுத்தணும்னா, இங்கிருந்து" என்று இரைப்பைச் சுவரிலிருந்து வட்டத்துக்கு ஒரு கோடு இழுத்தார், "ஊசியை விட்டு நீரை எடுப்பேன்."

அம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப நான் தூங்கிட்டிருக்கும்போது நீங்களே முடிவு பண்ணிடுவீங்களா டாக்டர்?"

"ஆமாம்மா. நடுவுல எழுப்பிக் கேட்க முடியாது. அதனாலதான் இப்பவே பேசிடணும்."

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு கேள்விக்காகவும் அந்த ஒரு பதிலுக்காகவும்தான். ரத்தப் பரிசோதனைக்கு நாம் கையை நீட்டினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அறுவை சிகிச்சை என்றால் என்ன செய்யப்போகிறார்கள் என்று முன்பே உட்கார வைத்துச் சொல்கிறார்கள். இது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே போன பிறகுதான் என்ன செய்ய வேண்டும் என்பதே மருத்துவருக்குத் தெரியவரும். அந்த முடிவை எடுக்கும் நேரத்தில் நோயாளி மயக்கத்தில் இருப்பார். ஆகவே அதைப் பற்றி நோயாளி பேசக்கூடிய நேரம் முன்னால் மட்டும்தான் இருக்கிறது. அந்த நேரத்தை "ஸ்கேன்" என்ற வார்த்தை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. செவிலியர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், எங்களுக்கு அந்தப் பத்து நிமிடமும் கிடைத்திருக்காது.

மாத்திரை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் தவறு நடக்கிறது, இரண்டு பக்கமும் நடக்கிறது. பார்க்க மட்டும் செய்வதென்றால் ரத்தக்கசிவு ஆபத்து மிகக் குறைவு. பெரும்பாலும் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. ஊசி போடுவதென்றால் கணக்கு மாறுகிறது. ஆஸ்பிரினைப் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். குளோபிடோக்ரெல் போன்றவற்றை ஏழு நாள் முன்பாகவும், வார்ஃபரினை ஐந்து நாள் முன்பாகவும், அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் போன்ற புது வகை மாத்திரைகளை இரண்டு, மூன்று நாள் முன்பாகவும் நிறுத்தச் சொல்வது வழக்கம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது இன்னும் கூடலாம். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. மாத்திரையைத் தொடர்வது ஒரு ஆபத்து என்றால், கேட்காமல் நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவருக்கு, செயற்கை வால்வு இருப்பவருக்கு, அண்மையில் பக்கவாதம் வந்தவருக்கு அந்த மாத்திரைதான் உயிர். அதை நிறுத்தலாமா, எத்தனை நாள், இடையில் வேறு மருந்து வேண்டுமா என்பதை அதை எழுதிக்கொடுத்த மருத்துவரும் எண்டோஸ்கோபி மருத்துவரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். அந்த இருவரையும் பேச வைக்கும் வேலை பல நேரம் நம்மீதுதான் விழுகிறது. எங்கள் விஷயத்தில் அம்மாவின் இதய மருத்துவர் குளோபிடோக்ரெலை ஏழு நாள் நிறுத்தலாம், ஆஸ்பிரினை ஒரு நாள்கூட விடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு வரி. அந்த இரண்டு வரியை மூன்று வாரத்துக்கு முன்பே வாங்கியிருக்கலாம்.

அன்று மருத்துவர் இரண்டு வழி சொன்னார்: இன்றே பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் இன்னொரு நாள் ஊசிக்கு வருவது. அல்லது மாத்திரையைச் சரிசெய்துகொண்டு வந்து எல்லாவற்றையும் ஒரே முறையில் முடிப்பது. அம்மா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். "ரெண்டு தடவை மயக்கம் வேண்டாம்" என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது. வேறொருவருக்கு முதல் வழி சரியாக இருந்திருக்கும். எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதைவிட, தேர்ந்தெடுக்க இரண்டு வழி இருந்ததே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஆபத்துகளையும் அன்றுதான் கேட்டோம். குழாயால் குடலிலோ உணவுக்குழாயிலோ ஓட்டை விழுவது மிக அரிது, ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஊசி போட்டால் கணைய அழற்சி, ரத்தக்கசிவு, கிருமித்தொற்று எல்லாம் சேர்த்து நூற்றில் ஒருவர், இருவருக்கு வரலாம். இதைச் சொன்னால் நோயாளி பயந்துவிடுவார் என்று சிலர் சொல்லாமல் விடுகிறார்கள். அம்மா பயப்படவில்லை. எண்ணைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்ததைத்தான் நான் பார்த்தேன்.

சீட்டில் எழுதாதவை

அடுத்த தேதிக்கு இடையில் இருந்த நாட்களில் நான் ஒரு தாளில் அம்மாவைப் பற்றி எழுதத் தொடங்கினேன். மாத்திரைகளின் பெயர், அளவு, எந்த வேளை, எதற்காக, யார் எழுதியது. அதை அம்மா மாத்திரைச் சீட்டு என்று பெயரிட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டார். எழுத எழுதத்தான் எவ்வளவு விஷயம் யாருக்கும் தெரியாமல் வீட்டிலேயே கிடந்திருக்கிறது என்று புரிந்தது. அம்மாவுக்குச் சர்க்கரைக்கு மாத்திரை உண்டு. வெறும் வயிற்றில் அதைச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கிப் போகும், அதனால் அன்று காலை வேண்டாம் என்றார்கள். இன்சுலின் போடுபவர்கள் அளவைக் கேட்டு மாற்ற வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. சர்க்கரைக்கோ எடை குறையவோ வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமாக்ளூடைட் போன்ற ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். எட்டு மணி நேரம் பட்டினி இருந்தாலும் வயிற்றில் உணவு மிச்சம் இருக்கக்கூடும், மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆபத்து. ஊசிதானே, மாத்திரைப் பட்டியலில் எதற்கு என்று இதைப் பலர் சொல்வதே இல்லை. கட்டாயம் சொல்ல வேண்டும்.

பட்டினி பற்றியும் ஒரு வார்த்தை. திட உணவு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டும். வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்புவரை சில இடங்களில் அனுமதிக்கிறார்கள், சில இடங்களில் இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். பால் கலந்தது எதுவும் தண்ணீர்க் கணக்கில் வராது. தவிர, கழற்றி மாட்டும் பல்செட், ஆடும் பல், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, முன்பு மயக்க மருந்தில் பட்ட கஷ்டம், மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இரைப்பையில் எப்போதோ அறுவை சிகிச்சை நடந்திருந்தால், அது இருபது வருஷத்துக்கு முந்தியது என்றாலும் முதலிலேயே சொல்லுங்கள். வழி மாறியிருந்தால் குழாய் கணையத் தலைக்குப் பக்கத்திலேயே போக முடியாமல் போகலாம், அப்போது மொத்தத் திட்டமும் வேறு. இதெல்லாம் வாய் வழியாகச் செய்வதற்கு. மலக்குடல் வழியாகச் செய்யும்போது குடலைச் சுத்தம் செய்யும் தயாரிப்பு தனியாக இருக்கும்.

"டாக்டர் வந்தாரா?"

பத்து நாள் கழித்துப் போனோம். அதே அறை, அதே செவிலியர். இந்த முறை அம்மா கேள்விக்குக் காத்திருக்கவில்லை, சீட்டை எடுத்து நீட்டினார். செவிலியர் அதைப் படித்துவிட்டு அப்படியே கோப்பில் செருகிக்கொண்டார். தொண்டையில் மருந்து தெளித்தார்கள். கசப்பாக இருந்தது, தொண்டையே இல்லாத மாதிரி ஆகிவிட்டது என்று அம்மா பின்னர் சொன்னார். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, பற்களுக்கு இடையில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கச் சொல்லி, மூக்கில் ஆக்சிஜன் வைத்து, விரலில் கிளிப் மாட்டினார்கள். அதோடு அம்மாவின் ஞாபகம் முடிகிறது. நாற்பது நிமிடம் கழித்து மருத்துவர் வெளியே வந்து என்னை அழைத்தார்.

மீட்பு அறையில் அம்மா விழித்துத்தான் இருந்தார். மருத்துவர் அவர் பக்கத்தில் நின்று நிதானமாகச் சொன்னார்: அந்தப் புள்ளி சளியாகத்தான் தெரிகிறது. உறுதிக்காக நீரை எடுத்திருக்கிறேன். கிருமித்தொற்று வராமல் இருக்க மருந்து கொடுத்திருக்கிறோம். அம்மா தலையாட்டினார். "ரிசல்ட் எப்ப வரும்?" என்று கேட்டார். ஒரு வாரம் என்றதும், "ஹார்ட் மாத்திரையை எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார். எவ்வளவு தெளிவான கேள்வி! நாளை மறுநாள் காலையிலிருந்து என்று மருத்துவர் சொன்னார். அம்மா நன்றி சொன்னார், சிரித்தார். நான் நிம்மதியாக அந்தப் பக்கம் போய்ப் பணம் கட்டும் வேலையைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போகும் வண்டியில், அம்மா ஜன்னலிலிருந்து திரும்பிக் கேட்டார்: "டாக்டர் வந்து எதுவும் சொல்லாமலே போயிட்டாரே. வந்தாரா?"

நான் விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. தலையாட்டியது, கேட்டது, சிரித்தது, ஒன்றும் அவரிடம் இல்லை. மயக்கத்துக்குக் கொடுத்த மிடசோலம் என்ற மருந்தின் இயல்பே அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அது வேலை செய்யும் நேரத்தில் ஆள் பேசுவார், பதில் சொல்வார், ஆனால் புதிதாக எதுவும் மனதில் பதியாது. அன்று மருத்துவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அம்மாவைக் கடந்து போய்விட்டது. நான் அங்கே நிற்காமல் இருந்திருந்தால், குளோபிடோக்ரெலை எப்போது திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. நிறுத்தச் சொல்லும் தேதியை எல்லோரும் எழுதித் தருகிறார்கள். ஆரம்பிக்கும் தேதியை இப்படி வாயால் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு இரண்டாவது தேதி முதலாவதைவிடக் கனமானது.

கூட ஒருவர் வர வேண்டும் என்று எல்லா மருத்துவமனைகளும் சொல்கின்றன. வண்டி ஓட்டக் கூடாது என்பதற்காக என்றுதான் நாம் அதைப் புரிந்துகொள்கிறோம். அதுவும் உண்மைதான், 24 மணி நேரம் வண்டி ஓட்டுவது, முக்கியமான பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது, தனியாக இருப்பது எதுவும் கூடாது. ஆனால் கூட வருபவரின் முதல் வேலை காதாக இருப்பது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஒரு தாளும் பேனாவும் கையில் இருக்க வேண்டும். ஊசி போட்டீர்களா, எத்தனை முறை, எதை எடுத்தீர்கள், என்ன மருந்து கொடுத்தீர்கள், நிறுத்தியதை எப்போது தொடங்க வேண்டும், முடிவை யார் சொல்வார், எந்த நாளில். அன்று நான் இதில் பாதியைத்தான் கேட்டேன். மீதிக்கு மறுநாள் தொலைபேசியில் அரை மணி நேரம் காத்திருந்தேன்.

அன்று மாலை அம்மாவுக்குத் தொண்டை கரகரவென்றிருந்தது, வயிறு காற்றடைத்தது போல உப்பியிருந்தது. இரண்டும் எதிர்பார்த்ததுதான், மறுநாளே போய்விட்டது. தொண்டை மரத்திருக்கும்வரை எதுவும் குடிக்கக் கூடாது, புரையேறிவிடும். அதனால் முதல் வாய்த் தண்ணீரை ஒரு ஸ்பூனில் கொடுத்து விழுங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த இரவு நான் காய்ச்சல் வருகிறதா, வயிற்று வலி கூடிக்கொண்டே போய் முதுகுக்குப் பரவுகிறதா என்று இரண்டு முறை எழுந்து பார்த்தேன். ரத்த வாந்தி, கறுப்பு நிற மலம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி இவற்றில் ஒன்று வந்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டில் ஊசி போட்டார்கள் என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். "ஸ்கேன் எடுத்தோம்" என்று அங்கே போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

காணப்படவில்லை

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய்ச் செல்கள் காணப்படவில்லை, செல்களே மிகக் குறைவாக உள்ளன என்று இருந்தது. முதல் பாதியைப் படித்ததும் வீடு முழுக்க ஒரு பெருமூச்சு. இரண்டாவது பாதியை நான்தான் திரும்பப் படித்தேன். காணப்படவில்லை என்பது இல்லை என்பதாகாது. திடமான கட்டியில் ஊசி போட்டு எடுக்கும்போது, புற்றுநோய் இருந்தால் நூற்றில் 85, 90 பேரிடம் அது அகப்பட்டுவிடுகிறது. மீதிப் பேரிடம் தப்பிவிடும். நீர்ப்பையில் இன்னும் கடினம், நீரில் மிதக்கும் செல்கள் எப்போதுமே கொஞ்சம்தான். அதனால்தான் அந்த நீரில் செல்லை மட்டும் பார்க்காமல் குளூக்கோஸ், அமைலேஸ் என்ற நொதி, சி.இ.ஏ. என்ற புரதம் ஆகியவற்றின் அளவுகளையும் பார்க்கிறார்கள். அம்மாவின் நீரில் குளூக்கோஸ் குறைவாக இருந்தது. சளி சுரக்கும் வகைப் பை என்பதற்கு அது அடையாளம். அந்த வகையில் பல பைகள் காலம் முழுக்க அப்படியே இருந்துவிடும், சில மாறும். எது மாறும் என்று தெரிய வேண்டுமென்றால் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் எம்.ஆர்.ஐ. என்று தேதி கொடுத்தார்கள்.

நல்ல ரிப்போர்ட் வாங்கிய பலர் அந்தத் தேதியை விட்டுவிடுகிறார்கள் என்று மருத்துவர் சொன்னார். நல்ல செய்தி கிடைத்த வீட்டில் மறுபடி அந்தக் கோப்பைத் திறக்க யாருக்கும் மனம் வராது. எங்களுக்கும் வரவில்லை, ஆனாலும் போனோம். எம்.ஆர்.ஐ.யில் பை கொஞ்சம் வளர்ந்திருந்தது. பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் இன்னொரு முறை உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது என்றார் மருத்துவர்.

போன வாரம் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. நான் எடுப்பதற்குள் அம்மாவே எடுத்துவிட்டார். எதிர்முனையில் பேசிய பெண் ஸ்கேனுக்கு நாள் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார் போல. அம்மா, "வாய் வழியா குழாய் விட்டுப் பார்க்கிறதுதானேம்மா? இந்தத் தடவை ஊசி உண்டா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்க வேண்டும். "கேட்டுட்டு அப்புறம் நாள் சொல்லுங்க. ஊசின்னா நான் முதல்ல ஹார்ட் டாக்டரைப் பார்க்கணும், அதுக்கப்புறம் ஏழு நாள் வேணும்" என்று சொல்லி வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து மாத்திரைச் சீட்டை எடுத்து மேசையில் விரித்தார். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ரத்த அழுத்த மாத்திரை அதில் இல்லை. அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதத் தொடங்கினார்.